சாட்சி சொல்லும் அந்த ஒரு நாள்

சம்மனில் காலை 10.30 என்று போட்டிருக்கும். பத்து மணிக்கே அம்மாவும் பெண்ணும் வந்துவிடுவார்கள். ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து, சாப்பிடாமல் வந்திருப்பார்கள். கோர்ட் கூடத்துக்கு வெளியே நீளமாக ஒரே ஒரு பெஞ்ச். ஒரு முனையில் இவர்கள். மறுமுனையில் ஜாமீனில் இருக்கிற எதிரி (குற்றம் சாட்டப்பட்டவன்), அவனுடைய அண்ணன், ஊர்ப் பெரியவர் இரண்டு பேர். இப்போது கூப்பிடுவார்கள், இதோ கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து, மாலை நாலரை மணிக்கு அடுத்த வாய்தா தேதியை எழுதிக்கொண்டு திரும்புவார்கள். மூன்றாவது தடவை வரும்போது அந்தப் பெண் முதல் நாள் பேசத் தயாராக இருந்த பெண்ணாக இருக்க மாட்டாள்.

தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றங்களில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று வேலை செய்கிற வழக்கறிஞர்களும், வழக்கு முடியும்வரை குடும்பத்துக்குத் துணையாக இருக்கும் ஆதரவு நபர்களும் சேர்ந்து எழுதுவது இது. பாலியல் வன்முறை வழக்கு என்றாலே பேச்சு தண்டனைக்குப் போய்விடுகிறது: தூக்கு வேண்டும், ஆயுள் வேண்டும், இன்னும் கடுமையாக்க வேண்டும். தண்டனைகள் ஏற்கெனவே கடுமையானவைதான். வழக்கு தோற்பது அந்தப் பெஞ்சில்தான். பாதிக்கப்பட்டவர் ஒரு முறை வந்து, பயமில்லாமல் பேசி, குறுக்கு விசாரணையும் அன்றே முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு நாளை நீதிமன்றம் உருவாக்கித் தந்தால், சீர்திருத்தத்தில் பெரும்பங்கு முடிந்துவிடும். எஃப்ஐஆர், மருத்துவமனை, வாக்குமூலம் எல்லாமே அந்த நாளுக்கான ஏற்பாடுகள்தான்.

அந்த நாள் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 33-வது பிரிவின்படி, குழந்தையிடம் அரசு வழக்கறிஞரோ எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதி கேட்க வேண்டும். குழந்தைக்கு அடிக்கடி இடைவேளை தர வேண்டும், திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு அழைக்கக் கூடாது. குழந்தையின் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விக்கு இடமில்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் எதிரி குழந்தையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 36-வது பிரிவு. ஆனால் எதிரிக்குச் சாட்சியம் காதில் விழ வேண்டும், தன் வழக்கறிஞரோடு பேச வழியும் வேண்டும். 37-வது பிரிவு மூடிய அறையில் விசாரணை. பெரியவர்களின் வழக்கிலும் திரை, எழுதிக் கொடுத்த கேள்விகள், இடைவேளை ஆகியவற்றை 2004-லேயே சாக்‌ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்ட எல்லா வயதினரையும், எல்லாப் பாலினத்தவரையும் பாதுகாப்பு தேவைப்படும் சாட்சிகள் என்ற வகைக்குள் 2022 ஜனவரியில் கொண்டுவந்து, அவர்களுக்கான சாட்சிய மையங்களை அமைக்கவும் உத்தரவிட்டது.

ஆனால் நடைமுறையில் திரை கோர்ட் கூடத்துக்குள் இருக்கிறது, பெஞ்ச் வராந்தாவில் இருக்கிறது. உள்ளே முகம் தெரியாமல் மறைத்துவிட்டு, வெளியே ஆறு மணி நேரம் எதிரெதிரே உட்கார வைக்கிறோம். அதனால் திரையைவிட முக்கியம் காத்திருக்கும் இடமும் நேரமும் என்பது எங்கள் கருத்து. குற்றச்சாட்டு வனைந்ததுமே (எந்தக் குற்றங்களுக்கு விசாரணை என்று கோர்ட் எழுத்தில் முடிவு செய்ததுமே), சாட்சி நாளுக்கு முன்பாகவே, எழுத்தில் ஒரு மனு போட்டுவிடுவது நல்லது. அதில் கேட்க வேண்டியது: குறிப்பிட்ட நேரம் ஒதுக்க வேண்டும், அன்று வேறு வழக்கின் சாட்சிகளை வைக்கக் கூடாது, வேறு வாசல் வழியாக அழைத்து வர வேண்டும், காத்திருக்கத் தனி அறை வேண்டும், கூடத்தில் யார் யார் இருக்கலாம் என்ற பட்டியல் வேண்டும். வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்மா’ என்று பதில் வரும். மனுவாகப் போனால் உத்தரவு வந்தாக வேண்டும். மறுத்தாலும் மேல்முறையீட்டில் அந்த மறுப்பு ஆவணமாக நிற்கும்.

‘சரி’ என்கிற சொல்

தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. அது நல்லது. ஆனால் அந்தத் தமிழுக்கு என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் தரப்பு வாதத்தை ஒரு வாக்கியமாகச் சொல்வார்: ‘முன்பகை காரணமாக நீ பொய்ப் புகார் கொடுத்திருக்கிறாய்.’ சாட்சி மறுத்தால் பதிவேட்டில் இப்படி விழும்: ‘முன்பகை காரணமாகப் பொய்ப் புகார் கொடுத்துள்ளேன் என்று சொன்னால் சரியல்ல.’ ஒப்புக்கொண்டால் ‘என்று சொன்னால் சரிதான்.’

இப்போது ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் நீளமாக ஏதோ சொல்கிறார். குழந்தை ‘சரி’ என்கிறது. ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பது அதற்குப் பொருள். வீட்டிலும் பள்ளியிலும் நாம் எல்லோரும் அப்படித்தான் ‘சரி’ சொல்கிறோம். தட்டச்சில் அது ‘சரிதான்’ ஆகிவிட்டால், புகார் பொய் என்று பாதிக்கப்பட்டவரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். எதிர்மறைக் கேள்வி இன்னும் மோசம். ‘அன்னிக்கு நீ அந்த வீட்டுக்குப் போகவே இல்ல, சரியா?’ என்று கேட்டால் ‘இல்ல’ என்ற பதிலுக்கு இரண்டு பொருளும் உண்டு: ‘ஆமாம், போகவில்லை’, ‘நீங்கள் சொல்வது தப்பு, போனேன்.’ எந்தப் பொருள் பதிவாகிறது என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது.

அதே போல இன்னொரு கேள்வி: ‘கோர்ட்ல என்ன சொல்லணும்னு யாரு சொன்னாங்க?’ குழந்தை உண்மையைச் சொல்லும்: ‘பயப்படாம நடந்ததைச் சொல்லுன்னு அம்மா சொன்னாங்க.’ இது ‘என் தாயார் சொல்லிக் கொடுத்தபடி சாட்சி சொல்கிறேன்’ என்று சுருங்கிவிட்டால், தீர்ப்பில் ‘பயிற்றுவிக்கப்பட்ட சாட்சி’ என்ற வரி வந்து உட்காரும்.

இதற்கு மருந்து இருக்கிறது, செலவும் இல்லை. சிக்கலான கேள்விக்குப் பதில் முழு வாக்கியமாக வர வேண்டும் என்று நீதிபதியே குழந்தையிடம் சொல்லலாம். எதிர்மறைக் கேள்வியை நேர்க் கேள்வியாக மாற்றிக் கேட்கலாம், அந்த அதிகாரத்தைத்தான் 33-வது பிரிவு தருகிறது. தேவையான இடத்தில் கேள்வியையும் பதிலையும் அப்படியே இரண்டு வரியாகப் பதியலாம். முடிந்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் அங்கேயே குறிக்க வேண்டும். கையெழுத்துக்கு மேலே ‘படித்துக் காட்டக் கேட்டு சரியென ஒப்புக்கொண்டேன்’ என்ற வரி வழக்கமாக இருக்கும். ஆனால் உண்மையிலேயே படித்துக் காட்டினார்களா என்பதை அரசு வழக்கறிஞரோ ஆதரவு நபரோ நின்று கவனிக்க வேண்டும். சாட்சியத்தை ஒலி, ஒளியோடு பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குழந்தைகளின் சாட்சியத்தில் இதை வழக்கமாக்கினாலே பாதி வாதம் ஓய்ந்துவிடும்.

சாட்சியைத் தயார் செய்வது வேறு, பதில் சொல்லிக் கொடுப்பது வேறு. முன்பே ஒரு நாள் காலியாக இருக்கும் கோர்ட் கூடத்தைக் காட்டலாம். நீதிபதி எங்கே உட்காருவார், கறுப்பு அங்கி போட்டவர்களில் யார் யார் எந்தப் பக்கம், தட்டச்சு செய்பவர் ஏன் நிறுத்தி நிறுத்தி அடிக்கிறார் என்று சொல்லலாம். ‘புரியலன்னா புரியலன்னு சொல்லு, ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்லன்னு சொல்லு, பாத்ரூம் போகணும்னா கேளு’ என்று சொல்லலாம். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரக் கூடாது. ‘இந்தத் தேதியைச் சொல்லு’ என்று நல்லெண்ணத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு தேதி, குறுக்கு விசாரணையில் வழக்கையே சாய்த்துவிடும்.

புகாரின் தமிழ்

பாதிக்கப்பட்டவர் எடுத்தவுடன் சொல்கிற சொல் ‘தப்பா நடந்துக்கிட்டான்’ என்பதாகத்தான் இருக்கும். ‘கெடுத்துட்டான்’ என்பார்கள் தாய்மார்கள். எழுத்தர் அதை ‘தவறாக நடந்துகொண்டார்’ என்றோ, இன்றும்கூட ‘கற்பழித்துவிட்டார்’ என்றோ எழுதிவிடுவார். சட்டத்துக்குத் தேவை வேறு. தொட்டதா, எங்கே, உடைக்கு மேலா உள்ளா, உடலுக்குள் நுழைத்ததா, எதை, எவ்வளவு நேரம், எத்தனை முறை. போக்சோவில் தொடுதல் ஒரு பிரிவு, நுழைத்தல் வேறு பிரிவு. தண்டனையில் பல ஆண்டு வித்தியாசம். நான்கு மாதம் கழித்துக் கோர்ட்டில் குழந்தை முழு விவரத்தைச் சொல்லும்போது, ‘இதை நீ போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை’ என்ற கேள்வி வரும். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் சொன்னதை எழுதாமல் விட்டது எழுத்தர். முரண்பாடு என்ற பழி அவள் மீது.

ஆகவே புகாரிலேயே அவரவர் சொற்கள் அப்படியே வர வேண்டும். குழந்தை ஒரு உறுப்புக்கு வீட்டில் என்ன பெயர் சொல்லுமோ அந்தப் பெயரை மேற்கோளில் போட்டு, அது எந்த உறுப்பு என்பதை அடுத்த வரியில் தெளிவாக்கினால் போதும். போக்சோ 24-வது பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். இயன்றவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ‘எங்க எல்லை இல்லம்மா’ என்ற பதில் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுக்கு எதிரானது. எஃப்ஐஆர் நகலைப் பணம் வாங்காமல் தர வேண்டும். புகார் வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அது எஃப்ஐஆர் ஆகாது.

மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்தை இன்றும் எல்லோரும் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ‘நூத்தி அறுபத்துநாலு’ என்றுதான் சொல்கிறோம். புதிய சட்டத்தில் அது 183. முடிந்தவரை பெண் மாஜிஸ்திரேட் எடுக்க வேண்டும். ஆண் என்றால் ஒரு பெண் உடனிருக்க வேண்டும். இதில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு: ‘மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லியாச்சு, இனி கோர்ட்ல சொல்லாட்டியும் கேஸ் நிக்கும்’ என்று. நிற்காது. அது துணைச் சான்று மட்டுமே, கோர்ட்டில் சொல்வதுதான் சாட்சியம். ஒரு விதிவிலக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. மனவளர்ச்சிக் குறைபாடோ உடல் குறைபாடோ உள்ளவர்கள் சிறப்புக் கல்வியாளர் அல்லது மொழிபெயர்ப்பாளர் உதவியோடு, வீடியோ பதிவோடு கொடுக்கும் வாக்குமூலமே கோர்ட்டில் முதல் விசாரணையாக (அரசுத் தரப்பு கேட்டுப் பதியும் சாட்சியமாக) எடுத்துக்கொள்ளப்படும், குறுக்கு விசாரணை மட்டும் மீதம் இருக்கும். பேச்சும் கேட்புத் திறனும் இல்லாத பெண்களின் வழக்குகளில் இந்த வசதியைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். விசாரணை அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே இதைக் கேட்க வேண்டும்.

மருத்துவமனையில் ஒரு வரி

போலீஸ் கடிதம் இல்லாமல் மருத்துவமனைக்கு நேரே போகலாம். சிகிச்சை இலவசம், அரசு மருத்துவமனை ஆனாலும் தனியார் ஆனாலும் மறுப்பது குற்றம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுக்கச் சொல்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ம் ஆண்டு நெறிமுறைகள். குளித்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது. உடைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். காகித உறையில்தான் போட வேண்டும். பஞ்சுக் குச்சி மாதிரிகளைக் காற்றில் உலரவிட்டுப் பிறகே உறையிட்டு முத்திரை வைக்க வேண்டும். முத்திரை வைத்தது யார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்தத் தேதியில் போனது என்பதில் ஒரு நாள் விடுபட்டாலும் ஆய்வக அறிக்கை கோர்ட்டில் பலமிழந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, அறிக்கையின் கடைசியில் ‘வன்புணர்வுக்கான அறிகுறி ஏதுமில்லை’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அதை வைத்தே எதிர்த்தரப்பு அரை நாள் குறுக்கு விசாரணை செய்யும். நெறிமுறை கேட்பது காரணத்தோடு கூடிய கருத்து. சம்பவம் நடந்து எத்தனை நாள், குளித்தாரா, பயத்தில் எதிர்க்காமல் இருந்தாரா என்பதையெல்லாம் குறித்து, ‘காயம் இல்லாததால் வன்முறை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது’ என்று எழுத வேண்டும். உடல் ரீதியாக எதிர்க்கவில்லை என்பதற்காக மட்டும் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை பெண்ணின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று 2013-லும், அதைச் செய்கிற மருத்துவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று 2022 அக்டோபர் 31-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் கன்னித்திரை பற்றிய கட்டம் உள்ள பழைய படிவத்தைப் பார்த்தால், அதை நிரப்ப வேண்டாம் என்று அங்கேயே சொல்லுங்கள். நிரப்பி வந்துவிட்டால், அது பற்றிய கேள்விக்கு அரசு வழக்கறிஞர் உடனே ஆட்சேபணை எழுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் முந்தைய பாலியல் அனுபவம் பற்றிய கேள்விக்குச் சாட்சியச் சட்டத்தில் இடமில்லை.

வயதுச் சான்று

போக்சோ வழக்கு முழுக்க நிற்பது 18 வயதுக்குக் கீழ் என்ற ஒரே காலில்தான். அதில்தான் அதிகக் கவனக்குறைவு. சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு வரிசை போட்டிருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாற்றுச் சான்றிதழான டி.சி.யை வைத்து வயதை நிரூபிக்க முடியாது என்று சொல்லி, போக்சோ தண்டனையை ரத்து செய்தது. அப்படியிருந்தும் கேஸ் கட்டைப் பிரித்தால் முதலில் வருவது டி.சி. நகல்தான்.

பிறப்புச் சான்றிதழ் இருந்தாலும் பெயர் சேர்க்காமல் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். அம்மா பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கும். இதையெல்லாம் குற்றப்பத்திரிகைக்கு முன்பே சரிபார்த்து, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எந்த ஆவணத்தை வைத்து எழுதப்பட்டது என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, அவரையும் சாட்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எலும்புப் பரிசோதனையில் இரண்டு வயது வரை முன்பின் இருக்கலாம், அந்தச் சந்தேகத்தின் பலன் எதிரிக்கே போகும். பதினேழு வயதுப் பெண்ணின் வழக்கு அந்த இரண்டு வயதில்தான் மறைந்துபோகிறது.

இடைப்பட்ட காலம்

போக்சோ 35-வது பிரிவின்படி, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும், இல்லையென்றால் காரணத்தை எழுத வேண்டும். விசாரணை இயன்றவரை ஓராண்டில் முடிய வேண்டும். வன்புணர்வு வழக்குகளில் புலன்விசாரணைக்கு இரண்டு மாதம், குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கோர்ட் விசாரணைக்கு இரண்டு மாதம் என்கிறது நடைமுறைச் சட்டம். இந்தக் கெடுக்கள் தவறும்போது என்ன நடக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதிரி பெரும்பாலும் தெரிந்தவன், சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன். ஜாமீனில் வந்த பிறகு பேச்சுவார்த்தை ஆரம்பிக்கும். ‘எதுக்கும்மா வம்பு, பொண்ணு வாழ்க்கை இருக்கு’, ‘கட்டிக்கச் சொல்லிடலாம்’, ‘மருத்துவச் செலவுக்கு வச்சுக்க.’ சாட்சி நாளில் அம்மாவே முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சி ஆகிவிடுவார். அவர் மேல் கோபப்படுவது எளிது. ஒன்றரை வருடம் அந்தக் குடும்பத்தைத் தனியே விட்டது யார் என்று கேட்டுக்கொள்வதுதான் நேர்மை.

நீதிமன்றங்களும் இதில் தவறியிருக்கின்றன. 2015-ல் கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமே எதிரிக்கு ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச அனுப்பியது. அதே ஆண்டு ஜூலை 1-ல், இத்தகைய வழக்கில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: எதிரி பெண்ணைச் சந்திக்கும்படி ஜாமீன் நிபந்தனை போடக் கூடாது, திருமணம், சமரசம் என்று நீதிபதி வாயே திறக்கக் கூடாது.

செய்ய வேண்டியது, ஜாமீன் மனு விசாரணையிலேயே உள்ளே போவது. பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இப்போது நிலைபெற்ற சட்டம். தனியாக வழக்கறிஞர் வைத்து அரசுத் தரப்புக்கு உதவலாம். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். மிரட்டல் இருந்தால் 2018-ம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம். ‘மிரட்டுகிறார்கள்’ என்று பொதுவாக எழுதாமல் தேதி, நேரம், போன் எண், வந்தவர் சொன்ன வார்த்தை என்று எழுதினால்தான் போலீஸ் அறிக்கையில் ஏதாவது வரும். இடைக்கால இழப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. 2018-ல் வந்த தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் திட்டப்படி வன்புணர்வுக்கு ரூ.4 லட்சம் முதல் ரூ.7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம், சிறார் என்றால் இதில் பாதி கூடுதல். வாடகை கட்டவும் பெண்ணை வேறு பள்ளியில் சேர்க்கவும் கையில் பணம் இருக்கிற குடும்பம், எதிரி வீட்டுப் பணத்தை வாங்க மறுக்க முடியும்.

பதினெட்டை நெருங்கும் வயதில் காதலித்து ஓடிப்போன பிள்ளைகளின் வழக்குகளும் இதே கோர்ட்டில்தான் குவிகின்றன. அவற்றைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. பிரிக்காதவரை, உண்மையில் அவசரமான குழந்தைக்குப் போக வேண்டிய நேரம் அங்கே செலவாகிறது.

குறுக்கு விசாரணையைத் தள்ளிப் போடுவதுதான் பழகிப்போன உத்தி. முதல் விசாரணை முடிந்ததும் ‘சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்’ என்று வாய்தா கேட்பார்கள். வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருப்பது வாய்தாவுக்குக் காரணம் ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. சில மாதம் கழித்து, சாட்சியைத் திரும்ப அழைக்க மனு வரும். பழைய சட்டத்தில் 311, இப்போது 348. ஆட்சேபணை எழுதும்போது ‘குழந்தை கஷ்டப்படும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்தக் கேள்வியைக் கேட்பதற்காக மறுபடி அழைக்கிறார்கள், அது ஏன் முதலில் கேட்கப்படவில்லை என்று வரிக்கு வரி கேளுங்கள். பெரும்பாலான மனுக்களில் அதற்குப் பதில் இருக்காது.

வேகம் பற்றி

வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் அரசு ஊழியர்கள் பெண்களை வன்புணர்வு செய்தது 1992 ஜூன் 20. தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பரில், உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பரில். பதினெட்டு பெண்களின் இளமை அதற்குள் கழிந்துவிட்டது. பொள்ளாச்சி வழக்கு 2019-ல் வெளியே வந்தது. கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13-ல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனையும் பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் ரூ.85 லட்சம் இழப்பீடும் வழங்கியது. அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கு 2024 டிசம்பரில் பதிவாகி 2025 ஜூன் 2-ல் தண்டனையோடு முடிந்தது. மனம் இருந்தால் ஆறு மாதத்துக்குள் முடிக்க முடிகிறது.

ஆனால் வேகத்துக்காக எதிரியின் உரிமையை வெட்டினால் அந்தச் சுமையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் தலையில்தான் விழும். 2017-ல் சென்னைப் புறநகரில் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில் 2018 பிப்ரவரியிலேயே மரண தண்டனை வந்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு வனைந்தபோது அவருக்கு வழக்கறிஞரே இல்லை. பின்னர் நியமிக்கப்பட்ட இலவச வழக்கறிஞருக்குச் சாட்சி விசாரணைக்கு முன் கிடைத்தது சில நாட்களே. சிசிடிவி பதிவு கோர்ட்டில் முறைப்படி நிரூபிக்கப்படவில்லை. தண்டனை கிடைத்ததும் ஊரே கைதட்டியது. அந்தப் பெற்றோர் எட்டு ஆண்டு கழித்து வெறுங்கையோடு நின்றார்கள். ஆகவே எதிரிக்கு நல்ல வழக்கறிஞர் முதல் நாளே இருக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் தரப்பே கேட்க வேண்டும் என்கிறோம். அப்படி ஒரு வழக்கறிஞர் இருந்தால்தான் குறுக்கு விசாரணை அன்றே முடியும், திரும்ப அழைக்கும் மனுவுக்கும் இடமிருக்காது.

அடையாளம் வெளியாவது பற்றி ஒன்று. பொள்ளாச்சி வழக்கில் புகார்தாரரின் பெயர் அரசாணையிலேயே வந்தது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரூ.25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. ஆறு ஆண்டு கூட ஆகவில்லை, அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்ஐஆரே இணையத்தில் கசிந்தது. மறுபடி ரூ.25 லட்சம். இத்தகைய எஃப்ஐஆர்களை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று 2016-லேயே உத்தரவு இருக்கிறது. புகார் பதிவான அன்றே காவல் துறை இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். கோர்ட் இணையதளத்தில் வழக்குப் பட்டியலையும், சம்மன் உறையின் மேல் எழுதியிருப்பதையும் பாருங்கள். சம்மன் கொண்டுவரும் காவலர் தெருமுனையில் நின்று ‘போக்சோ கேஸ் பொண்ணு வீடு எது’ என்று கேட்பதுதான் ஊர்ப்பக்கம் நடக்கிற பெரிய கசிவு. சம்மனை ஆதரவு நபர் வழியாகவோ போனிலோ தெரிவிக்கும்படி முதல் மனுவிலேயே கேட்டு வாங்கிவிடலாம்.

தீர்ப்பு நாளைப் பெரும்பாலான குடும்பங்கள் டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன. தேதியை முன்கூட்டிச் சொல்லுங்கள். வர விருப்பமா என்று கேளுங்கள், வர வேண்டிய கட்டாயம் இல்லை. தீர்ப்பு நகலை இலவச சட்ட உதவி வழியாக வாங்கி, எதிரி விடுதலையானாலும் தண்டனை பெற்றாலும் அதைத் தமிழில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். இழப்பீட்டு உத்தரவு இருந்தால் பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் அன்றே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். போக்சோ விதிகளின்படி உத்தரவு கிடைத்த 30 நாளில் பணம் வர வேண்டும். முப்பத்தொன்றாவது நாள் காலையில் அந்த ரசீதை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும்.